இடப்பக்கத்து வயர் நாற்காலி

நேற்று ஆடிக்காற்று எங்கள் வீட்டுக்குள் புகுந்து சுவரில் இருந்த காலண்டரைப் பிய்த்துக்கொண்டு போனது, கேப்டன் சார். காலண்டர் போனால் போகட்டும். அது போய் விழுந்த இடம்தான் வம்பு. நீங்கள் வழக்கமாக உட்காரும் பச்சை வயர் நாற்காலியின் மேல் விழுந்து, நடுவில் இருந்த ஓட்டைக்குள் பாதி இறங்கி நின்றுகொண்டது. துடைப்பத்தோடு வந்த என் வீட்டுக்காரி சரசு, பல நாளாக மனசில் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, இந்த ஓட்டச் சேரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டா என்னங்க? உக்கார வாரவங்க எல்லாம் உள்ள போயிர்றாங்க."

"இருக்கட்டும் அம்மணி. வயர் வாங்கிப் பின்னிப்போடலாம்."

"பின்னி? ஆரு உக்கார்றதுக்குங்க?"

பதில் வராத இடத்தில் ஆம்பளைகள் செய்கிற வேலையைச் செய்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சுற்று வட்டாரத்தில் இருக்கிற கிணற்று மோட்டாருக்கெல்லாம் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறைக்காரன், ஒரு நாற்காலிக்கு வயர் கட்ட மாட்டேனா என்ற வீறாப்பில் பெரியநாயக்கன்பாளையம் கடைவீதியில் பச்சை வயர் வாங்கி வந்தேன். அந்த வயர் இப்போது சிக்கலாக என் மடியில் கிடக்கிறது. சிக்கலோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் படித்தால் எழுத்துப்பிழையை எண்ணிச் சிரிப்பீர்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கவிழ்ந்து அப்படியே பட்டறைக்குள் உருண்டு விழுந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதானே.

நீங்கள் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒரு காற்று நாளில்தான். என் பெண் கோமதி அப்போது கோயமுத்தூர் விமான நிலையத்துப் பக்கம் ஃபிளையிங் கிளப்பில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். காரமடைப் பக்கம் இருந்த தோட்டத்தை விற்று அவளைச் சேர்த்திருந்தேன். "பூமியை வித்து ஆகாசத்துல விட்டவன்" என்று சொந்தக்காரர்கள் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். நான் வாங்கிய ஒரே பட்டம் அதுதான். நீங்களோ பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குத் திரும்பி, சும்மா இருக்க முடியாமல் கிளப்பில் சொல்லிக்கொடுக்க வந்தவர். வடக்கே வெகுகாலம் இருந்ததில் உங்கள் பேச்சில் எங்கள் ஊர்க் குழைவு தேய்ந்துபோயிருந்தது.

ஸ்கூட்டரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் கிரீஸோடு நின்ற என்னிடம், "கோமதியோட அப்பா நீங்கதானே? ஒரு புகார் சொல்ல வந்தேன்" என்றீர்கள். பிள்ளையைக் கிளப்பில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். சரசு காப்பி கொண்டுவந்தாள். நீங்கள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"உங்க பொண்ணு ரொம்ப மரியாதையா இருக்கா."

எனக்கு உயிர் வந்தது. "நாங்க அப்படித்தானுங்க வளத்துனோம்" என்று சிரித்தேன்.

"அதுதான் புகார்."

சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் உள்ளங்கையை விமானமாக்கிக் காட்டினீர்கள். பக்கத்தில் இருந்து காற்று அடிக்கும்போது விமானம் ஓடுபாதைக்கு நேராக மூக்கை வைத்து வர முடியாது. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பைச் சாய்வாக நகர்த்தித்தான் வர வேண்டும். முறைத்துக்கொண்ட மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்: முகம் ஒரு பக்கம், நடை ஒரு பக்கம். தரையைத் தொடும் முன்னால் அந்த மூக்கை நேராக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவரின் கண் வெளியே இருக்கும், கையும் காலும் காற்றோடு மல்லுக்கட்டும்.

"மீட்டர்ல முள் என்ன காட்டுதுன்னு பார்க்க அவனுக்கு நேரம் கிடையாது. வேகம் குறையுதா, பாதையை விட்டு விலகறானா, இதையெல்லாம் பக்கத்து சீட்ல இருக்கறவ பார்க்கணும். பார்த்தா மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்லணும். அதுக்குத்தான் ரெண்டு பேர்."

"கோமதி பாக்கறதில்லீங்களா?"

"எனக்கு முன்னாடி பார்த்துடறா. சொல்றதுதான்..." நீங்கள் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள். "'சாருங்க, நீங்க தப்பா நெனச்சுக்கலீன்னா ஒண்ணு சொல்லுட்டுங்களா' அப்படின்னு ஆரம்பிக்கறா. 'தப்பா'ங்கறதுக்குள்ள சக்கரம் தரையில இடிச்சாச்சு. 'சொல்லுட்டுங்களா'ங்கறப்போ நாங்க துள்ளி மறுபடி காத்துல நிக்கறோம்."

உள்ளே இருந்து சரசு சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர்களிடம் ஒரு குறையைச் சொல்வதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்டு, அப்புறம் சுற்றி வளைத்து, அவராகவே கண்டுபிடித்த மாதிரி முடிக்க வேண்டும் என்று அவளுக்கு விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அப்படித்தான். ஆகாசத்தில் அது ஆளைக் கொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

அது தனியார் விமானக் கம்பெனிகள் புதிது புதிதாக முளைத்த காலம். துணை விமானியாக ஆள் எடுக்கிறார்கள், தேர்வில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றீர்கள். "நான் பெரியவன், என்னைத் திட்ட அவளுக்கு வரலை. முதல்ல உங்களைத் திட்டிப் பழகட்டும்." கிளப்பில் மற்றவர்கள் எல்லாரும் தனியாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் பக்கத்தில் உட்காரச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

அப்படித்தான் எங்கள் கூடம் விமானமானது. இரண்டு வயர் நாற்காலிகள். இடப்பக்கம் நான், கேப்டன். வலப்பக்கம் கோமதி. என் கையில் ஸ்டியரிங்காகச் சீர் வைக்கிற பித்தளைத் தாம்பாளம். பட்டறையில் இருந்து ஒரு பழைய வோல்ட் மீட்டரைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தேன். வோல்டேஜை ஏற்றி இறக்குகிற திருகைச் சரசு கையில் கொடுத்தேன். மீட்டரில் சிவப்பு மையால் ஒரு கோடு. நான் எதிரே இருக்கிற காலண்டரை மட்டும்தான் பார்க்க வேண்டும், அதுதான் ஓடுபாதை. சரசு எனக்குத் தெரியாமல் திருகைக் குறைப்பாள். முள் கோட்டுக்கு இறங்கினால் கோமதி "ஸ்பீட்" என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். நான் "செக்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால் கேப்டன் நினைவோடு இல்லை என்று அர்த்தம். "ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்று சொல்லி ஸ்டியரிங்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் உங்கள் சட்டம்.

முதல் நாள் முள் இறங்கியது. கோமதி தொண்டையைச் செருமினாள். "அப்பா... ஸ்பீட் பாத்துக்குங்களாப்பா?"

"செத்தோம்" என்றீர்கள் நீங்கள், காப்பி டம்ளரை வைத்துவிட்டு. "நாலு பேரும்."

அடுத்தடுத்த நாள்களில் "ஸ்பீட்" வந்துவிட்டது. அதில் அவள் ருசி கண்டுவிட்டாள் என்றே சொல்வேன். சோற்றில் உப்புக் குறைந்தால் அவள் அம்மாவிடம் "சால்ட்" என்றாள். ஆனால் தாம்பாளம் மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை. நான் வேண்டுமென்றே கல்லுப் பிள்ளையார் மாதிரி பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டு தடவை சொல்வாள். அப்புறம் கையை நீட்டுவாள், தாம்பாளத்தின் விளிம்பு வரைக்கும் வரும், நின்றுவிடும்.

"பெரியவங்க கையில இருக்கறதை எப்படிங்க சார் புடுங்கறது?" என்று அழுதேவிட்டாள் ஒரு நாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சரசுவின் அண்ணன் காரமடையிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு காலண்டரை முறைத்தபடி நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஸ்பீட், ஸ்பீட்" என்று கத்துகிற பிள்ளை. திருகோடு அவர் தங்கை. மூலையில் யாரோ ஒரு வெள்ளைத் தலைக்காரர்.

"ஏனுங்க மாப்ள," என்றார் மெதுவாக, "தோட்டம் போனதுல இருந்து இப்படித்தானுங்களா?"

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி என் மேல் வந்து சாய்ந்ததில்தான் இந்த நாற்காலியின் முதல் வயர் அறுந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மச்சான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. அவர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் வீம்பாகப் பேசாமல் இருந்தேன். முள் கோட்டுக்குக் கீழே போனது. ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். அடுத்து "ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்று ஒரு சத்தம், என் கையில் தாம்பாளம் இல்லை. விரல் எரிந்தது. கோமதி அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அன்றிலிருந்து சரசுவும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூட்டுக்கு உப்புப் போடப் போனாலும் "ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்று கரண்டியை வாங்கிவிடுகிறாள். இந்த வீட்டில் என் கையில் இன்றுவரை எதுவும் இல்லை.

அடுத்து நிஜ விமானத்தில். கோமதியின் தேர்வுக்கு முன்னால் ஒரு நல்ல குறுக்குக் காற்று நாளாகப் பார்த்து நீங்கள் ஓட்டுவது, அவள் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. நானும் வந்தேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் என் சீட்டு. அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "உள்ள போறது ஆருங்க?" என்று கேட்டார். "என்ற புள்ளைங்க" என்றேன். "இந்தக் காத்துலயா?" என்றார். அந்தக் கேள்வியைத் தாங்குவதற்கே எனக்கு வேலிக் கம்பி தேவைப்பட்டது.

பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தபடி இருந்தது. திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை விறைத்து நின்றது. உங்கள் சின்ன விமானம் ஒரு சுற்று சுற்றி, மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தது. நான் வாயைத் திறந்து "ஸ்பீட்" என்றேன். எனக்கு எந்த முள்ளும் தெரியவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. ஆட்டுக்கார அம்மா என்னை விட்டு நகர்ந்து நின்றார். விமானம் கீழே, இன்னும் கீழே. மூக்கு நேராகவில்லை. ஓடுபாதையை விட்டு ஓரமாக ஒதுங்கியது. ஒரு பக்கத்து இறக்கை தூக்கியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷனால் எவ்வளவு செய்ய முடியும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஒன்றுமே முடியாது. அவளைப் பெற்றவன் என்பதற்காகக் காற்று என்னிடம் வந்து கேட்கப் போவதில்லை.

சட்டென்று எஞ்சின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. மறுபடி ஒரு பெரிய சுற்று. இரண்டாவது தடவை பூப்போல இறங்கியது.

கோமதி ஓடி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, சார் வேணும்னே பேசாம இருந்தாரு, ரெண்டு தடவை சொன்னேன், புடுங்கிட்டேன்! நான்தான் மேல ஏத்துனேன், நான்தான் எறக்குனேன்!" நீங்கள் பின்னால் மெதுவாக வந்தீர்கள். கிளப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். குடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டீர்கள்.

"கோமதி, அது பயிற்சி இல்லை. நான் கொஞ்ச நேரம் அங்க இல்லை. நீ கூப்பிட்டது எதுவும் எனக்குக் கேக்கலை. கண் திறந்தப்போ நாம மேல ஏறிட்டிருந்தோம்."

அவள் சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது. சற்று முன்னால் உங்கள் உயிரையும் தன் உயிரையும் கையில் வாங்கியவள், பழைய பிள்ளையாக மாறிவிட்டாள். "சாருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. புடுங்குனது..." என்று ஆரம்பித்தாள். நீங்கள் அவள் தலையில் கை வைத்தீர்கள்.

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் ஆடுகளுக்கும் என்ன தெரியும்? நீங்கள் அன்றைக்கே போய் டாக்டரிடம் சொன்னீர்கள். இதயம் நடுநடுவே துடிப்பை விடுகிறது என்றார் அவர். உங்களை இனி ஓட்டக் கூடாது என்று சொல்லும் வரைக்கும் நீங்கள் காத்திருக்கவில்லை. "மத்தவங்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிட்டு நான் முழுங்கக் கூடாது" என்றீர்கள். கோமதி தேர்வில் தேறிய அதே சமயத்தில் நீங்கள் தரைக்கு வந்துவிட்டீர்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தேன். நீங்கள்தான் முதல் துண்டை எடுத்தீர்கள்.

அப்புறம் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். கோமதி வடக்கே வேலைக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத நாற்காலியில் நான். இடப்பக்கத்தில் நீங்கள். எதிரே காலண்டர். பேச விஷயம் இல்லாவிட்டால் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். சரசு மொட்டைமாடியில் காயப்போட்ட சேலை பறக்கிறதை வைத்து, "இன்னிக்குக் குறுக்குக் காத்து" என்பீர்கள். நான் "செக்" என்பேன். அந்த நாற்காலி உங்கள் கனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நானும் பின்ன வேண்டும் பின்ன வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதயம் இன்னும் மோசமாகி உங்களைச் சேர்த்த ஆஸ்பத்திரியில், உங்கள் பையன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரைக்கும் என்னை உள்ளே உட்காரவிட்டார்கள். கட்டிலுக்கு வலப்பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்தார்கள். நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தலைமாட்டில் ஒரு பெட்டியில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "இதுக்குக் கீழ போனா உடனே கூப்பிடுங்கய்யா" என்று நர்ஸ் அம்மா ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா, எனக்கும் ஒரு வேலை கிடைத்தது என்றுகூட நினைத்தேன்.

கண்ணை மூடியபடியே கேட்டீர்கள். "என்ன பார்க்கறீங்க?"

"முள்ளைப் பாக்கறனுங்க."

"முள்ளு ஏது? நம்பர்தானே."

"பழக்கமுங்க."

"பார்த்தா மட்டும் போதாது."

"தெரியுமுங்க. வாய்விட்டுச் சொல்றனுங்க."

சிரித்தீர்கள். மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் உங்கள் போர்வை மேல் விழுந்துகொண்டிருந்தபோது எண் இறங்கியது. நான் தொண்டையைச் செருமவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. "சிஸ்டர், எறங்குது!" என்று கத்திய கத்தலில் வராந்தாவில் எதுவோ விழுந்து உருண்டது. அவர்கள் ஓடி வரும் காலடி கேட்டது. அதற்குள் நான் "கேப்டன்" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை "கேப்டன்" என்றேன். உங்கள் சட்டப்படி அடுத்தது என் முறை. இரண்டு கையையும் நீட்டிவிட்டேன் சார். அங்கே தாம்பாளமும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. உங்கள் கைதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வந்து என்னை நகர்த்தும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வெளியே வந்து டாக்டர் என் தோளைத் தொட்டு, "கரெக்டான நேரத்துல கூப்பிட்டீங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணினோம்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நான் தாமதமாகச் சொல்லியிருந்தால் என்னையாவது திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுவேன். சரியாகப் பார்த்து, சரியாகச் சொல்லி, கேட்க வேண்டியவர்கள் கேட்டு, ஓடி வந்து, அப்புறமும் போய்விட்டது என்றால் அதற்கு என்ன செய்வது என்று நீங்கள் எங்கள் கூடத்தில் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

கோமதி போன வாரம் பேசினாள். ஏதோ ஒரு ஊரில் பயங்கரக் குறுக்குக் காற்றாம். "வேகம் கொறஞ்சுதுப்பா. சொன்னேன். கேப்டன் உடனே செக்ன்னாரு."

"பொறவு கண்ணு?"

"பொறவு என்னப்பா, எறங்கி டீ குடிச்சோம்."

அவளுக்கு அவ்வளவுதான் கதை. எனக்கோ அன்று முழுக்கப் பட்டறையில் வேலை ஓடவில்லை. அவள் எந்த ஊர் ஆகாசத்தில் இருக்கிறாள் என்று தெரியாததால் காற்று எங்கே அடித்தாலும் அது அவள் மேல் அடிக்கிற காற்றாகவே இருக்கிறது. மாடிக்குப் போய்ச் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறேன். பார்த்து என்ன ஆகப் போகிறது? ஆனாலும் பார்க்கிறேன்.

இன்று சாயங்காலம் காலண்டரைப் புது ஆணி அடித்து மாட்டினேன். பாதி பின்னிய நாற்காலியை அதன் இடத்தில் வைத்தேன். மோட்டார் காயில் கட்டுகிறவன் பின்னினது மாதிரியே கோணலாக இருக்கிறது. நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகக் காற்று வந்து காலண்டரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. வாய் தானாக "ஸ்பீட்" என்றது.

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை, சார். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எதைக் கையில் வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.